முதலில் நகல், பிறகு பூட்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளிலிருந்து பழுதுபார்க்க என்னிடம் சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ஆன் ஆக மாட்டேங்குது, எப்படியாவது பூட் பண்ணிக் குடுங்க." உண்மையில் அவர்களுக்கு வேண்டியது டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கும் கணக்கு. தீபாவளி நெருக்கத்தில் யார் எவ்வளவு பாக்கி என்பது முழுக்க அதில்தான் இருக்கும். விண்டோஸை நாளைக்குக்கூடப் போட்டுக்கொள்ளலாம், கணக்கு போனால் போனதுதான்.

முதலில் ஹார்ட் டிஸ்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பார்ப்பேன். சில சமயம் அதோடு முடிந்துவிடும். இல்லையென்றால், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 5, 197 என்ற இரண்டு வரிசைகளையும் தேடுவேன். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்கின் சிறு சேமிப்புப் பகுதிகள். 197 என்பது படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கிலிருந்து விண்டோஸை மறுபடி கிளப்பவே மாட்டேன். விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவது அதைவிடக் கெடுதல். சாகிற டிஸ்கை மணிக்கணக்கில் துழாவும், கோப்பு அட்டவணையையும் திருத்தி எழுதும். எங்கோ அவசரத்தில் அதை ஓட்டி, கோப்புறைகளைத் தொலைத்துவிட்டு வந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்காது.

கணினியை விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் பென்டிரைவில் கிளப்பி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு வேறொரு டிஸ்கில் நகல் எடுப்பேன். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிடும், இடறும் இடத்தைத் தாண்டிப் போகும், விட்டதைக் கடைசியில்தான் சுரண்டும். எல்லாவற்றையும் மேப் கோப்பில் குறித்துவைப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளை தட்டுமுன் இரண்டு டிஸ்கின் சீரியல் எண்ணையும் வாய்விட்டுப் படிப்பேன். மூலமும் நகலும் இடம் மாறினால் எல்லாம் போச்சு.

டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் இதில் எதையும் தொடுவதில்லை. பவரை எடுத்துவிட்டு, தூசியில்லா அறை உள்ள மீட்பு லேபுக்குப் போகச் சொல்வேன். செலவைக் கேட்டு முகம் வாடும், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுக்கலாமா என்று கேட்பவர்களைக் கையைப் பிடித்துத் தடுப்பேன். வெளியே எடுத்ததும் ஈரம் படியும், நம் பக்கத்துப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம்.

நகல் வந்ததும் டாலி கோப்புறையை வேறு கணினியில் திறந்து, பாக்கி சரியாக இருக்கிறதா என்று கடைக்காரரையே பார்க்கச் சொல்வேன். பிறகுதான் பூட். செக்டிஸ்க்கை இப்போது நகலின் மேல் ஓட்டலாம். யூஇஎஃப்ஐ என்ற புது வகைத் தொடக்க முறை உள்ள கணினியில், விண்டோஸைக் கிளப்பும் கோப்புகளுக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷன் நல்லபடி வந்திருந்தால், பெரும்பாலும் அந்தக் கோப்புகளை மறுபடி எழுதும் பிசிடிபூட் கட்டளை ஒரு வரி போதும். பழைய டிஸ்கை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன், அதில் இருப்பது அவருடைய வாடிக்கைக்காரர்களின் கணக்கு.