பானையை வர்ணித்து மார்க்கைத் தொலைத்த கதை

ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு அளவிலான சர்வதேசத் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது. வரலாற்றில் ஏ. ஆனால் பள்ளி மாதிரித் தேர்வில், பழைய கார்ட்டூன் மாதிரி ஆதாரங்களைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் இரண்டாம் தாளில் நான் வாங்கிய மார்க்கை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. எல்லாம் ஒரு பானையால் வந்த வினை.

‘பஞ்ச்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை இதழில் லெனார்ட் ரேவன்-ஹில் வரைந்த கார்ட்டூன் அது. கொதிக்கிற பெரிய பானை, அதன் மேல் ‘பால்கன் தொல்லைகள்’ என்ற எழுத்து. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, ஆஸ்திரியா-ஹங்கேரி ஐந்தும் மூடி மேல் ஏறி உட்கார்ந்து அமுக்குகின்றன. பார்த்ததும் எனக்குக் குஷி. யாருக்கு என்ன உடை, முகத்தில் எவ்வளவு பயம் என்று ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன். ஐரோப்பாவின் இரண்டு கூட்டணிகளும் மோதப்போகின்றன, அதுதான் 1914-இன் முதல் உலகப் போர் என்று முடித்தும் வைத்தேன்.

படத்தின் தேதி 2 அக்டோபர் 1912. ஆறாம் நாள் மான்டினீக்ரோ துருக்கி மேல் போர் அறிவிக்கிறது, முதல் பால்கன் போர். உலகப் போரைக் கிளப்பிய சரஜேவோ கொலைக்கு இன்னும் இருபது மாதம் இருக்கிறது. அதைவிட, படத்தில் அந்த ஐந்து பேரும் எதிரெதிரே நிற்கவே இல்லை! ஒரே மூடி மேல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கிண்டல் அவர்களுடைய கையாலாகாத்தனத்தை. 1914 மண்டைக்குள் உட்கார்ந்திருந்ததால் இது கண்ணில் படவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பழைய தாளை எடுத்தாலும் முதலில் தேதியை வட்டமிடுவேன். அதற்குப் பின் நடந்த எதையும் யோசிக்கவே மாட்டேன்.

1919 மே மாதம் ‘டெய்லி ஹெரால்ட்’ என்ற பிரிட்டிஷ் நாளிதழில் வில் டைசன் வரைந்ததும் இப்படித்தான். பிரான்ஸ் பிரதமர் கிளமென்சோவும் போரில் வென்ற மற்ற நாட்டுத் தலைவர்களும் நடந்து வர, தூணருகே ஒரு குழந்தை அழுகிறது. மேலே ‘1940 வகுப்பு’, அதாவது அந்த ஆண்டு ராணுவத்துக்கு இழுக்கப்படப் போகும் பிள்ளை. உடனே ஹிட்லர் என்று எழுதக் கை துடிக்கும். 1919-இல் டைசனுக்கு ஹிட்லர் யார்? அவர் கோபமெல்லாம் போருக்குப் பின் வந்த வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தின் மேல், அதைச் செய்தவர்கள் மேல்.

மற்றவை:

- யாரைக் குத்துகிறது? பெயர் சொல்லி முதல் வரியிலேயே எழுதுங்கள்.
- எந்த நாட்டுப் பத்திரிகை என்று பாருங்கள்.
- படத்திலிருந்து இரண்டு விவரம் போதும்.
- நாடுகளைக் குறிக்கும் உருவங்கள்: கரடி ரஷ்யா, ஜான் புல் என்ற தடித்த மனிதர் பிரிட்டன், மரியான் என்ற பெண் பிரான்ஸ். அரை மணியில் மனப்பாடமாகிவிடும்.
- கலர் பேனாவில் குறிப்பெழுதும் பொறுமை எனக்கில்லை. உங்களுக்கு இருந்தால் சரி.

தேர்வில் வந்த கார்ட்டூனை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தேதியை வட்டமிட்ட வேகத்தில் யாரோ ஒரு மந்திரியின் மீசையில் மை இழுகிவிட்டது.