பட்டையைக் கழற்றி லிங்க் போட்டேன்: ஹைலக்ஸ் இதுவரை

வண்டி 1983 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ், நான்கு சக்கர ஓட்டம். 2366 சிசி 22ஆர் பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர். முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உறுதியான அச்சு. நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கி வைத்த வளைந்த இரும்புப் பட்டைகள். பின்னால் வந்த பல மாடல்களில் முன் ஆக்ஸில் போய்த் தனித்தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டது. எனக்கு முழு ஆக்ஸில்தான் வேண்டும் என்பதால் இந்த வயதில் ஒன்றைத் தேடிப் பிடித்தேன்.

எஞ்சினில் பெரிய வேலை இல்லை. என் தலைவலியெல்லாம் பின்பக்கத்தில்தான். லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் நிலை) பாறை மேட்டில் ஏறும்போது பின் ஆக்ஸில் தடதடவென்று குதிக்கும். லீஃப் ஸ்பிரிங்குக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. வண்டியின் எடையைத் தாங்க வேண்டும், ஆக்ஸிலை அதன் இடத்தில் பிடித்தும் வைக்க வேண்டும். சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை கூடும்போது ஆக்ஸில் எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும், பட்டை எஸ் மாதிரி வளையும், டயர் பிடி விட்டதும் சட்டென்று நிமிரும். அந்தக் குதிப்பில் ஒரு முறை, பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டுக் குறுக்கு உடைந்தது. அன்றுதான் பட்டையை எடுத்துவிட்டு, ஆக்ஸிலைப் பிடிக்க நான்கு லிங்க் (சேஸிஸையும் ஆக்ஸிலையும் இணைக்கும் கம்பிகள்), எடையைத் தாங்கக் காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங்) என்று முடிவு செய்தேன்.

பின் பாடியை இறக்கியபின் சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனேன். ஆக்ஸிலுக்கு நேர் மேலே மட்டும் ஓசை மாறியது. உள்பக்கம் சேறு தங்கி, தகடு காகிதம் போல் ஆகியிருந்தது. துருவை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, 4 மி.மீ தகட்டில் ஒட்டுப் போட்டேன். ஒட்டுத் தகட்டை நீள்சதுரமாக வெட்டாமல் முனைகள் கூராக, சாய்சதுர வடிவில் வெட்ட வேண்டும். சேஸிஸின் குறுக்கே செங்குத்தாக ஒரு வெல்டு கோடு விழுந்தால், வளைவு அழுத்தம் முழுக்க அந்தக் கோட்டிலேயே சேர்ந்து பிற்பாடு அங்கேயே கீறல் விடும். சாய்வான விளிம்பில் அந்த அழுத்தம் பரவிவிடும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பசை எடுக்க பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டு வைக்காதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால், வெல்டிங் ஆர்க்கின் வெப்பத்திலும் ஒளியிலும் அது ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும். நான் அசிட்டோனால் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின்தான் டார்ச்சை எடுப்பேன்.

அடுத்தது ஆக்ஸில். மேல் லிங்குகள் வந்து பிடிக்க ஹவுசிங்கின் (ஆக்ஸிலின் வெளிக்கூடு, இரு பக்கமும் குழாய்) மேல் ஒரு பாலம் வேண்டும். 6 மி.மீ தகட்டில் வெட்டி, மடித்து, உட்கார வைத்தேன். இங்கே அவசரப்பட்டுவிட்டேன். ஒரு விரல் நீளம் வெல்டு, பிறகு எதிர்ப்பக்கம் ஒரு விரல், நடுவில் ஆறவிடுவது, இதுதான் முறை. கடைசி இரண்டு பக்கங்களை நீளமாக ஒரே மூச்சில் ஓட்டினேன். ஆறும்போது வெல்டு சுருங்கும். மேல்பக்கம் சுருங்கினால் குழாயின் இரு முனையும் மேலே தூக்கும். ஆக்ஸில் ஷாஃப்டுகளைக் கழற்றிவிட்டு, இரு முனை ஃபிளேஞ்சிலும் 700 மி.மீ நேர்கோலைச் செங்குத்தாகப் பிடித்து அளந்தேன். கோல்களின் மேல் நுனிகளுக்கு இடையிலான தூரம் கீழ் நுனிகளைவிட 4 மி.மீ குறைவு. அப்படியே ஓட்டினால் பேரிங்கும் ஆயில் சீலும் சீக்கிரம் போய்விடும். சரிசெய்ய அதே சுருக்கத்தைத்தான் பயன்படுத்தினேன். குழாயின் அடிப்பக்கத்தில் சிறு வட்டமாக மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி, தண்ணீர் ஊற்றாமல் தானே ஆறவிட வேண்டும். இரண்டு தடவை செய்தபின் வித்தியாசம் 1 மி.மீக்குள் வந்தது. அந்த வேலை முடிந்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அத்தனை நிம்மதி.

இனி லிங்குகள். கீழ் லிங்க் இரண்டும் பாறையில் இடிபடும் என்பதால் 2 அங்குல வெளிவிட்டம், கால் அங்குலச் சுவர் கொண்ட குழாய். ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை. கழற்றாமலே குழாயைத் திருகி நீளத்தை மாற்றலாம். மேல் லிங்க் இரண்டும் சேஸிஸில் அகன்று தொடங்கி ஆக்ஸில் நடுவில் கூடுகின்றன. இரண்டுக்கும் இடைக்கோணம் 40 டிகிரிக்குக் குறையாமல் வைத்தால், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் அவையே பிடித்துக்கொள்ளும். தனியாகப் பக்கக் கம்பி தேவையில்லை. ஆக்ஸிலில் மேல் லிங்குக்கும் கீழ் லிங்குக்கும் உள்ள உயர வித்தியாசம் டயர் விட்டத்தில் கால் பங்கு இருக்கட்டும் என்பார்கள். 35 அங்குல டயருக்கு 220 மி.மீ வைத்தேன்.

எல்லா பிராக்கெட்டையும் புள்ளி வெல்டில் மட்டும் நிறுத்திவிட்டு, ஸ்பிரிங் இல்லாமல் ஆக்ஸிலை ஜாக்கியில் ஏற்றி இறக்கினேன். இந்த ஒரு நாள் வேலைதான் மொத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. வலதை உச்சிக்குத் தூக்கி இடதை முழுக்கத் தொங்கவிட்டபோது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இடது மேல் லிங்க் சைலன்சர் குழாயில் உரசியது. பிரேக் ஹோஸ் நாண் மாதிரி விறைத்தது. முழுத் தொங்கலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஸ்லிப்பில் (நீண்டு சுருங்கும் பல் இணைப்பு) 25 மி.மீ பற்கள்தான் உள்ளே மிச்சம். டேப் வைத்து நாள் முழுக்க அளந்தபோது இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சைலன்சர் குழாயை வளைத்து, ஹோஸை நீளமாக்கி, ஷாஃப்டை நீட்டி, லிங்க் முனையில் உள்ள ராட் எண்ட் மூட்டு தன் எல்லையைத் தொடுவதற்குமுன் ஆக்ஸிலை நிறுத்த இரண்டு வார்களும் கட்டினேன்.

காயில்ஓவர் 14 அங்குல ஓட்டம். பின் மூலை ஒவ்வொன்றிலும் ஸ்பிரிங் தாங்க வேண்டியது ஏறக்குறைய 275 கிலோ, அதாவது 606 பவுண்டு. மேலே அங்குலத்துக்கு 150 பவுண்டு, கீழே 200 பவுண்டு என இரண்டு ஸ்பிரிங்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் சேர்ந்த கடினம் அங்குலத்துக்கு 86 பவுண்டுதான். 606ஐ 86ஆல் வகுத்தால் 7 அங்குலம் அமுங்கும். வண்டி பாதி ஓட்டத்தில் நிற்கிறது, மேலே 7, கீழே 7. இந்தக் கணக்கு முதல் தடவையே சரியாக வந்தது.

அப்புறம் முதல் ஏற்றம். லோ ரேஞ்ச், இரண்டாவது கியர், தளர்ந்த கல். பாதி மேட்டில் அதே குதிப்பு! பட்டையே இல்லாத வண்டி பட்டை வண்டி மாதிரியே குதிக்கிறது. ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒரு வித்தியாசம் இருந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் முதலில் வண்டியின் பின்பகுதி உயர்ந்தது, பிறகுதான் டயர் விட்டது.

வீட்டுக்கு வந்து பக்கவாட்டுப் படம் வரைந்தேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. கீழ் லிங்க் ஆக்ஸிலில் 400 மி.மீ உயரத்தில் தொடங்கி, 1000 மி.மீ முன்னால் சேஸிஸில் 480. மேல் லிங்க் ஆக்ஸிலில் 620, 850 மி.மீ முன்னால் 540. இரண்டு கோடுகளையும் நீட்டினால் ஆக்ஸிலுக்கு 1264 மி.மீ முன்னால், 501 மி.மீ உயரத்தில் சந்திக்கின்றன. பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், முன் ஆக்ஸிலுக்கு நேராக, 2620 மி.மீ தூரத்தில் 1038 மி.மீ உயரத்தைத் தொடுகிறது. வண்டியின் எடை மையத்தை, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் மேல் போல்ட்டின் உயரம் என்று வைத்துக்கொண்டேன், 760. 1038ஐ 760ஆல் வகுத்தால் 137 சதவீதம். இதைத்தான் ஆன்ட்டி ஸ்குவாட் என்கிறார்கள். 100க்கு வெகுவாக மேலே போனால், முடுக்கும்போது லிங்குகளே பின்பகுதியைத் தூக்கும். டயர் முதலில் தரையில் அழுந்தும், பாடி உச்சிக்குப் போனதும் பாரம் குறைந்து வழுக்கும், பிறகு திரும்ப அழுந்தும். என் மேட்டில் நடந்தது அப்படியே இதுதான்.

காரணம் ஒன்றே ஒன்று. குறுக்குச் சட்டம் ஏற்கெனவே அங்கே இருந்தது, பிராக்கெட்டை அதன் அடியில் தொங்கவிடுவது சுலபமாக இருந்தது, அதனால் 540. முழு வெல்டு வைத்த பிராக்கெட்டைக் கிரைண்டரால் அறுக்கும்போது மனம் கஷ்டப்பட்டது உண்மை. குறுக்குச் சட்டத்தைப் புதிதாகச் செய்து, மேல் லிங்கின் சேஸிஸ் முனையை 60 மி.மீ உயர்த்தி 600க்குக் கொண்டுவந்தேன். வேறு எதையும் தொடவில்லை. சந்திப்புப் புள்ளி 2125 மி.மீக்குத் தள்ளிப் போனது, ஆன்ட்டி ஸ்குவாட் 92 சதவீதத்துக்கு இறங்கியது. லிங்க் இடம் மாறியதால் ஜாக்கிச் சோதனையை முதலிலிருந்து மறுபடி செய்தேன். இம்முறை எதுவும் உரசவில்லை.

போன வாரம் அதே மேடு, அதே கியர். பின்பகுதி கொஞ்சம்கூட எழவில்லை. டயர் கல்லைப் பிடித்து மெதுவாக, ஒரே சீராக மேலே இழுத்துக்கொண்டு போனது. உச்சியில் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப்போய் இரண்டு பின் டயர்களின் தடத்தையும் பார்த்தேன். கீழிருந்து மேல்வரை அறுபடாத கோடுகள்.

பக்கச் சரிவில் பாடி நான் விரும்புவதைவிடச் சாய்கிறது. பின்னால் ஒரு ஸ்வே பார் (பாடியின் சாய்வைக் குறைக்கும் கம்பி) வைக்க ஆக்ஸில் பாலத்தில் இடம் விட்டிருக்கிறேன். முன் லீஃபை இப்போதைக்குத் தொடப்போவதில்லை. அதற்கு முன் வெறும் இரும்பாக நிற்கும் வெல்டுகள் எல்லாவற்றுக்கும் பிரைமர் அடிக்க வேண்டும், கீழ் லிங்க் ஒன்றில் ஏற்கெனவே லேசாகத் துரு பிடித்திருக்கிறது.