பால் கக்கும் குழந்தையை எப்படிப் பிடிப்பது?

"குடிச்ச பாலையெல்லாம் கக்கிடுது சிஸ்டர், ஏதாவது மருந்து தரச் சொல்லுங்க." பச்சிளம் குழந்தைகள் வார்டில் தினமும் காதில் விழும் வேண்டுகோள் இது. பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்து வேண்டியதில்லை. பால் கொடுக்கும் வேகத்தையும் பிடிக்கும் விதத்தையும் மாற்றினால் போதும்.

இரைப்பையின் வாயிலில் உள்ள சுருக்குத்தசை எல்லோருக்குமே அவ்வப்போது தளரும். குழந்தைக்கோ உணவுக்குழாய் குட்டை, உணவு முழுக்கத் திரவம், பொழுதெல்லாம் படுக்கை. அதனால் பால் வாய்வரை வந்துவிடுகிறது. நான்காம் மாதவாக்கில் உச்சத்துக்குப் போய், ஒரு வயதுக்குள் அநேகமாக நின்றுவிடும். எடை ஒழுங்காக ஏறும்வரை 'கக்கின பிள்ளை தக்கும்' என்று பெரியவர்கள் சொல்வது சரியே.

முதலில் பார்க்க வேண்டியது, குழந்தை மார்பைப் பற்றும் விதம். காம்பை மட்டும் சப்பினால் காற்றும் சேர்ந்து இறங்கும். கருவளையத்தின் பெரும்பகுதி வாய்க்குள் இருக்க வேண்டும். முகவாய் மார்பைத் தொட வேண்டும். பால் பீறிட்டு வந்தால் தாய் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து கொடுக்கலாம். பாலாடையில் கொடுக்கும்போதுதான் தவறு அதிகம். காலை நீட்டிக் குழந்தையை மல்லாக்கக் கிடத்தி மடமடவென்று ஊற்றுகிறார்கள். தலையையும் தோளையும் உயர்த்திப் பிடித்து, வாயோரத்தில் கொஞ்சம் விட்டு, விழுங்கிய பிறகே அடுத்ததை விட வேண்டும்.

புட்டிப்பால் என்றால் அளவு முக்கியம். கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி. 4 கிலோ குழந்தைக்கு 600 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் 75. அதையே ஆறு வேளையாக்கி 100 கொடுத்தால் வயிறு புடைத்துக் கக்கல் கூடும். அழும்போதெல்லாம் பசி என்று எண்ணி மேலும் ஊட்டுவது இன்னும் மோசம்.

நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை ஏப்பம் விட வையுங்கள். பிறகு 20 முதல் 30 நிமிடம் முதுகு வளையாமல் தோளில் நிமிர்த்திப் பிடியுங்கள். உடல் குறுகி மடங்கும் நிலையில் வயிறு அழுந்தும். குடித்த கையோடு தூளியிலோ கார் சீட்டிலோ போடுவது இதனால்தான் உதவாது. இறுக்கிக் கட்டிய டயப்பரும் அப்படித்தான்.

இடப்பக்கம் சாய்ந்திருந்தால் இரைப்பையின் மேல்வாய் பால்மட்டத்துக்கு மேலே நிற்கும், எதுக்களிப்பு குறையும். வலப்பக்கம் சாய்த்தால் இரைப்பை சீக்கிரம் காலியாகும். ஆனால் அந்த மேல்வாய் பாலில் மூழ்கிக் கிடக்கும். இதெல்லாம் குழந்தை விழித்திருந்து, நாம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். குப்புறப் படுத்தாலும் கக்கல் குறையும்தான். என்றாலும் தூக்கத்தில் திடீர் மரண ஆபத்து கூடுவதால் அது வேண்டவே வேண்டாம்.

தூங்க வைப்பது மல்லாக்க, சமமான கெட்டி மெத்தையில். பால் மூச்சுக்குழாயில் போய்விடுமோ என்று பயப்படாத பாட்டி இல்லை. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் மேலேறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக முடியும். குப்புறப் படுத்தால் இது தலைகீழ். தலைக்குத் தலையணை வைத்தால் முகவாய் நெஞ்சில் பதிந்து மூச்சடைக்கலாம். 10 டிகிரிக்கு மேல் சரிந்த குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டே தடுத்தது.

அமிலத்தைக் குறைக்கும் மருந்து புளிப்பைத்தான் குறைக்கும், கக்குவதை நிறுத்தாது. ஆனால் பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலோ, ரத்தம் கலந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரத்துக்குள், குடித்ததும் பால் பீய்ச்சியடித்து வெளியே வந்து, குழந்தை மறுபடி பசித்து அழுதால் இரைப்பையின் கீழ்வாய் அடைபட்டிருக்கலாம். அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.