விற்ற பாட்டும் வைத்திருந்த பாட்டும்

தம்பிலுவிலில் என் சிறுவயதில், பெரும்போக வெள்ளாண்மை வெட்டி முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களில், ஊருக்கு வெளியே மரநிழலில் ஓலைக் கூடாரங்கள் எழும்பும். மறுநாள் காலையில் பாம்புப் பெட்டியும் மகுடியுமாக ஒருவர் எங்கள் வளவுக்குள் வருவார். அவருடைய மனைவி திண்ணையில் அமர்ந்து என் பெத்தாவின் கையைப் பார்த்துக் குறி சொல்வார். பெத்தா சுளகில் நெல் அள்ளிக் கொடுத்துவிட்டு, "பாத்தியா மனே, குறவன்ட பாட்டுக்குப் பாம்பு என்னமா ஆடுது" என்று சொல்லுவா. பாம்பு இசைக்கு ஆடுவதில்லை, ஊதுபவரின் கையும் மகுடியும் அசைகிற பக்கத்தையே பார்த்து அசைகிறது என்பதை விலங்கியல் பாடத்தில் படித்தபோது எனக்கு வேறொன்று விளங்கியது. அந்த இசை பாம்புக்காக ஊதப்பட்டதல்ல. எங்களுக்காக, எங்கள் சுளகு நெல்லுக்காக ஊதப்பட்டது.

இந்த நினைவைக் கிளறிவிட்டது, ஏப்ரல் 8ஆம் திகதி ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். நீலமும் பச்சையுமான கொடியின் நடுவே சிவப்புச் சக்கரம் ஒன்று இருந்தது. கீழே, "எங்கள் அளிக்கம்பை மக்களின் உறவுகள்" என்று எழுதியிருந்தது. அது ஐரோப்பாவெங்கும் சிதறி வாழும் ரோமா மக்களின் கொடி. 1971ஆம் ஆண்டு இதே நாளில் லண்டனுக்கு அருகே கூடிய முதலாவது உலக ரோமா மாநாட்டில், அந்தக் கொடியும், ஜார்கோ யோவானோவிச் என்ற யூகோஸ்லாவிய ரோமா இசைக்கலைஞர் பழைய மெட்டொன்றுக்குச் சொல் அமைத்த "ஜெலெம், ஜெலெம்" என்ற பாடலும் அவர்களுக்கு உரியனவாக ஏற்கப்பட்டன. "நடந்தேன், நடந்தேன்" என்று தொடங்கும் அப்பாடல், இரண்டாம் உலகப் போரில் கொன்றழிக்கப்பட்ட தன் குடும்பத்தை நினைத்து ஒருவர் பாடுவதாக அமைந்தது. யோவானோவிச்சும் போர்க்கால முகாம்களில் அடைபட்டிருந்தவர்.

நண்பரின் அன்பில் குறையில்லை, உறவுமுறைதான் பிழை. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் தவறாக நினைத்து ரோமா மக்களுக்கு இட்ட பெயரே "ஜிப்சி". அந்தப் பிழையான பெயரைக் கடன் வாங்கி, ஆலையடிவேம்புப் பிரதேசத்தின் அளிக்கம்பையில் வாழும், அன்று பாம்புப் பெட்டியோடு வந்தவரின் இனத்தவரான வனக்குறவர் மீதும் ஒட்டிவிட்டோம். ரோமா மொழி வட இந்திய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது: காதைக் "கான்" என்பார்கள், நீரைப் "பானி" என்பார்கள், கரியதைக் "காலோ" என்பார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த சிங்களத்தில் "கண", "பென்", "களு" என்று கேட்டுப் பழகிய அம்பாறை மாவட்டத்தாருக்கு இவை முற்றிலும் அந்நியமாக ஒலிக்கமாட்டா. வனக்குறவரின் வீட்டுமொழியோ தெலுங்கு; கண்ணைக் "கன்னு" என்றும் மூக்கை "முக்கு" என்றும் சொல்கிற, எங்கள் தமிழுக்குப் பக்கத்து வீட்டு மொழி. ஆக, தூரத்து ரோமா மக்கள் மொழியால் சிங்களவருக்கு உறவு. பக்கத்து அளிக்கம்பை மக்கள் எங்களுக்கு உறவு.

இரத்த உறவு இல்லாவிட்டாலும் இரு சாராரின் இசைக்கும் நேர்ந்த கதி ஒன்றுதான். ஹங்கேரியில் பிறந்த பெரும் இசைமேதையான பிரான்ஸ் லிஸ்ட், 1859இல் வெளியிட்ட ஒரு நூலில், அந்நாட்டின் புகழ்பெற்ற வயலின் குழுக்கள் வாசிப்பதெல்லாம் ரோமா மக்களின் சொந்த இசையே என்று எழுதினார். ஊர் ஊராகச் சென்று நாட்டார் பாடல்களைப் பதிவுசெய்த பேலா பார்டோக் பின்னர் அதை மறுத்தார். உணவகத்திலும் கலியாணத்திலும் ரோமா கலைஞர்கள் வாசித்தவை பெரும்பாலும் ஹங்கேரியர் இயற்றி, ஹங்கேரியரே கேட்க விரும்பிய மெட்டுக்கள். அவர்கள் அவற்றைத் தம் விரல் வித்தையால் மெருகேற்றிக் கூலிக்கு வாசித்தார்கள். அதே நாட்டு ரோமாக் குடியிருப்புகளில் வீட்டுக்குள் பாடப்பட்டது வேறொரு இசை. அதில் வயலினே இல்லை. ஒருவர் வாயாலேயே தாழ்ந்த குரலில் தாளச்சொற்களை உதிர்ப்பார், இன்னொருவர் தண்ணீர் எடுக்கும் தகரக் குடத்தைத் தட்டுவார், வேறொருவர் இரண்டு கரண்டிகளை மோதுவார். நடுவில் ஒருவர் விரலைச் சொடுக்கிக்கொண்டு ஆடுவார். 1978இல் புடாபெஸ்டில் "காயி யாக்", அதாவது கறுப்புத் தீ, என்ற பெயரில் சில இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து இந்தக் குடத்தையும் கரண்டியையும் அப்படியே மேடைக்குக் கொண்டுவந்த பிறகே வெளியார் பலரும் அதைக் கேட்டார்கள். மத்தளமும் சல்லரியும் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த வாய்த்தாளத்தை முதன்முதலில் கேட்டபோது, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் களரிக்கு வெளியே நின்று வாயாலேயே தாளக்கட்டுச் சொல்லிக்கொடுப்பதுதான் நினைவுக்கு வந்தது.

ஸ்பெயினில் ரோமா மக்களோடு பிணைந்த பாட்டும் ஆட்டமுமான ஃபிளமெங்கோவிலும் இப்படி ஒரு வீட்டுப்பக்கம் உண்டு. 1749இல் அரச கட்டளையின் பேரில் ஒரே வீச்சில் ஏறத்தாழ 9,000 ரோமா மக்கள் சிறைப்பிடிக்கப்பட்ட நாடு அது. அங்கே கொல்லுப்பட்டறையோடு பிறந்ததாகச் சொல்லப்படும் "மார்த்தினேத்தே" என்ற பாட்டுவகைக்கு கிற்றார் கிடையாது. சம்மட்டி பட்டடையில் விழும் ஓசை மட்டுமே துணை. 2010இல் யுனெஸ்கோ ஃபிளமெங்கோவை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்வது நல்லதுதான், ஆனால் சுற்றுலாப் பயணிக்கு முன்னால் சுழலும் புள்ளிப்பாவாடைதான் ஃபிளமெங்கோ என்ற எண்ணத்தை அது எவ்வளவு மாற்றியது என்று நான் யோசிப்பதுண்டு.

இதைச் சொல்லும் தகுதி எனக்குச் சற்றுக் குறைவு. ஐந்தாம் வகுப்பில் எங்கள் பாடசாலைக் கலைவிழாவில் பாசிமணி மாலையும் இடுப்பில் கூடையுமாகக் குறத்தி வேடம் கட்டி ஆடிப் பரிசு வாங்கியவள் நான். மெட்டு சினிமாவிலிருந்து வந்தது, கூடை அம்மாவின் மரக்கறிக் கூடை. அளிக்கம்பையிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து, உங்கள் வீட்டில் எப்படி ஆடுவீர்கள் என்று கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, பழக்கிய ஆசிரியைக்கும் தோன்றவில்லை.

அந்தக் கேள்வியோடு நான் அளிக்கம்பைக்குப் போனது பல ஆண்டுகள் கழித்து, நானே ஆசிரியையான பிறகு. கூடாரமும் பாம்புப் பெட்டியும் பழங்கதையாகிக்கொண்டிருக்கும் கத்தோலிக்கக் கிராமம் அது. தெரிந்தவர் ஒருவர் அழைத்துச்சென்ற வீட்டில், வயதான அம்மா ஒருவரிடம் உங்கள் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று கேட்டேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, மாதா மீது ஒரு தமிழ்ப் பாட்டைப் பிசகில்லாமல் பாடினார். அதுவும் அவருடைய பாட்டுத்தான் என்பதால் மேற்கொண்டு வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஏணையில் கிடந்த பேரப்பிள்ளை அழுதது. ஏணையை ஆட்டியபடி அவர் முணுமுணுக்கத் தொடங்கினார். சொற்கள் தெலுங்கு, இரண்டு சுரங்களுக்குள்ளேயே போய்வரும் மெட்டு. என் கை பைக்குள்ளிருந்த தொலைபேசியைத் தேடியதை அவர் கண்டுவிட்டார். பாட்டு நின்றது. நான் வெறுங்கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளை மறுபடியும் சிணுங்க, அவரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பிள்ளை உறங்கிய பின், அந்தப் பாட்டின் பொருள் என்ன என்று மெல்லக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அது பிள்ளை நித்திரை கொள்ளுறதுக்குப் பாடுறது மிஸ், உங்களுக்கு எதுக்கு?" என்றார்.