பழைய கணினி அட்டைகளை அடையாளம் காண்பது

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மூடப்பட்ட டைப்பிங் இன்ஸ்டிட்யூட் ஒன்றிலிருந்து எடைக்குப் போகவிருந்த 486 கணினி (80486 வகை ப்ராசசர் கொண்டது) இப்போது என்னிடம் இருக்கிறது.

இத்தகைய கணினியின் உள்ளே ஸ்லாட்டுகளில் செருகியிருக்கும் அட்டைகளைக் (கார்டுகளை) கழற்றியதும் பலர் மேலே ஒட்டிய ஸ்டிக்கரைத் தேடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது அடியிலுள்ள தங்க முலாம் பூசிய பற்களை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 8 பிட் ஸ்லாட்டுக்கு 62 தொடுமுனைகள். 1984இல் அது 16 பிட்டாக விரிந்தபோது மேலும் 36 சேர்ந்தன. ஆகவே பல்வரிசை ஒரே துண்டாக இருந்தால் 8 பிட், இடைவெளி விட்டு இரண்டாக இருந்தால் 16 பிட் ஐஎஸ்ஏ (இந்த ஸ்லாட் வகையின் பெயர்) அட்டை என்று பெரும்பாலும் நம்பலாம்.

பின்பக்கத்தில் மூன்று வரிசைகளில் 15 துளைகள் இருந்தால் அது மானிட்டரை இணைக்கும் விஜிஏ அட்டை. அதே 15 துளைகள் இரண்டு வரிசைகளில், பக்கத்தில் ஆடியோ ஜாக்குகளோடு இருந்தால் அது சவுண்ட் கார்டு. அந்தத் துளைகள் ஜாய்ஸ்டிக்குக்கானவை. இந்தக் கணினியில் கிடைத்த சவுண்ட் கார்டில் பிராண்டு பெயரே இல்லை. ஆனால் தூசியைத் துடைத்தபோது யமஹாவின் ஒய்எம்எஃப்262 சிப் தெரிந்தது. அதன் மேல் அச்சான 9341 என்ற எண், வழக்கமான முறைப்படி, 1993ஆம் ஆண்டின் 41ஆவது வாரத்தைக் குறிக்கிறது. அந்தக் கால விளையாட்டுகளின் இசையை உருவாக்கிய, ஓபிஎல்3 என்று அழைக்கப்படும் சிப் இதுதான் என்பதால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

தர்மபுரி, ஓசூர் பக்க நண்பர்களே, இத்தகைய அட்டைகளைப் பழைய இரும்புக் கடையில் போடுவதற்கு முன் இருபுறமும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எஃப்சிசி ஐடி (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் பதிவு எண்) அச்சிடப்பட்டிருந்தால் அதையும் தெளிவாக எடுங்கள். தயாரிப்பாளரைக் கண்டுபிடிக்க அதுவே பெரிதும் உதவும்.