தண்ணீர்க் குழாயில் தெரிந்த கோடு

வௌவால்களிடமிருந்து எடுத்த மாதிரிகளில் வைரஸைத் தேடிக்கொண்டிருந்தோம். புற ஊதா விளக்கைப் போட்டதும் ஏழாவது மாதிரிக்கு நேரே ஒரு கோடு பளிச்சென்று ஒளிர்ந்தது. வைரஸின் மரபணு இருந்தால் தெரியும் கோடு, மாதக்கணக்கில் காத்திருந்த கோடு. மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. மரபணுத் துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லின் கடைசி ஓரத்திலும் அதே உயரத்தில் இன்னொரு கோடு. அங்கே நான் இட்டிருந்தது வெறும் தண்ணீர்!

வைரஸே இல்லாத தண்ணீரில் கோடு வந்தால், ஏழாவது கோட்டையும் நம்ப முடியாது. எங்கோ கலப்படம் நேர்ந்திருக்கிறது. அன்றைய முடிவுகள் அனைத்தையும் தள்ளிவைத்தோம்.

அந்த மாதிரிகளுக்குப் பின்னால் எத்தனை இரவுகள் இருந்தன என்பது எனக்குத் தெரியும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டுதான் வௌவாலைத் தொடவே விடுவார்கள். அந்தி சாயும் நேரத்தில் குகை வாயருகே மெல்லிய நைலான் வலையைக் கட்டுவோம். சிக்கியது சிறிய வகைக் குதிரைலாட வௌவால் என்றால் பத்து கிராம்கூட இருக்காது. எந்தப் பக்கமிருந்து வலைக்குள் வந்தது என்று பார்த்து, முதலில் கால்களை விடுவித்து, பிறகு சிறகின் விரலெலும்புகளில் சுற்றிய நூலை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கையுறையையும் தாண்டி அதன் நெஞ்சுத் துடிப்பு விரலில் தெரியும். தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்ததும் பறக்க விட்டுவிடுவோம். முகக்கவசம் எங்களுக்காக மட்டுமல்ல. நம்மிடமுள்ள கிருமி அதற்குப் போய்விடக் கூடாதே!

பழந்தின்னி வௌவால் என்றால் பிடிக்காமலும் மாதிரி எடுக்கலாம். அவை தொங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுச் சிறுநீரைச் சேகரிப்பார்கள். 1998-99இல் மலேசியாவில் மனிதர்களைக் கொன்ற நிபா வைரஸை, தியோமன் தீவு வௌவால்களின் சிறுநீரிலிருந்து இப்படித்தான் பிரித்தெடுத்தார்கள். 2002இல் அந்த ஆய்வு வெளியானது.

நாங்கள் தேடியது கொரோனா வைரஸ்களை. யாரும் இதுவரை பார்க்காத வைரஸுக்கு எப்படி வலை விரிப்பது? வைரஸ் தன்னைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியின் மரபணு அதிகம் மாறாது. குடும்பம் முழுவதற்கும் ஏறக்குறைய பொதுவான அந்தப் பகுதியில் ஒட்டும்படி பிரைமர்கள் எனப்படும் குட்டி டிஎன்ஏ துண்டுகளை வடிவமைக்கிறார்கள். அந்தப் பகுதியைப் பல மடங்காகப் படியெடுத்துப் பெருக்கும் முறைதான் பி.சி.ஆர். நாங்கள் செய்தது இரண்டு சுற்றுப் பி.சி.ஆர். முதல் சுற்றில் பெருகியதை எடுத்து மீண்டும் பெருக்குவதால், துளியளவு இருந்தாலும் தெரிந்துவிடும். கலப்படமும் அதே வழியில்தான் நுழைகிறது. முதல் சுற்றுக் குழாயின் மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளியில் கோடிக்கணக்கான படிகள் இருக்கும்.

கரைசல்களைக் கொட்டிவிட்டுப் புதியவை வாங்கினோம். முதல் சுற்றுக் குழாயைத் திறக்கும் வேலையை வேறு அறைக்கு மாற்றினோம். மறுபடி செய்தபோது தண்ணீர் சுத்தமாக இருந்தது. ஏழாவது கோடும் மறைந்திருந்தது. ஆனால் 19ஆம் மாதிரியில் மங்கலாக ஒன்று! அந்த மாதிரியில் மீதமிருந்ததிலிருந்து, வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவைப் புதிதாகப் பிரித்துச் சோதித்தோம். மறுபடியும் வந்தது.

வரிசைப்படுத்தியதில் 400க்குச் சற்று மேற்பட்ட மரபணு எழுத்துகள் கிடைத்தன. மரபணு வரிசைகளைச் சேர்த்துவைக்கும் ஜென்பேங்க் தரவுத்தளத்தில் ஒப்பிட்டால், ஏற்கெனவே அறியப்பட்ட, ஆல்ஃபா என்ற பிரிவைச் சேர்ந்த வௌவால் கொரோனா வைரஸ் ஒன்றுக்கு நெருக்கமாக இருந்தது. வௌவால் இனங்களைக் கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால், அதே மாதிரியிலிருந்து வௌவாலின் மரபணுவையும் படித்து இனத்தை உறுதிசெய்தோம்.

கொரோனா வைரஸின் முழு மரபணுத்தொகுதி ஏறத்தாழ 30,000 எழுத்துகள். மீதியைப் படிக்க மாதிரியிலுள்ள எல்லாவற்றையும் சேர்த்து வரிசைப்படுத்தினோம். வந்ததில் பெரும்பகுதி வௌவாலுடையது, பாக்டீரியாவுடையது. அது தின்ற பூச்சிகளின் வைரஸ்களும் இருந்தன. வௌவாலின் கழிவில் கிடைப்பதெல்லாம் வௌவாலின் வைரஸ் அல்ல என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் உண்மையாக உணர்ந்தேன். எங்கள் வைரஸின் துண்டுகள் இடைவெளியோடுதான் கிடைத்தன. உயிரணுக்களில் வளர்க்க முயன்றோம், வளரவில்லை. வௌவால் கொரோனா வைரஸ்களில் பல அப்படித்தான்.

ஆகவே அறிக்கையில் "வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று எழுதவில்லை. "ஆல்ஃபா கொரோனா வைரஸின் ஆர்என்ஏ கண்டறியப்பட்டது" என்று எழுதினோம். மனிதருக்குத் தொற்றுமா என்று எல்லோரும் கேட்டார்கள். அதற்கு 400 எழுத்துகள் பதில் சொல்லாது.

அடுத்த பருவத்துக்கு அதே குகைக்குப் போகிறோம். இனி ஆர்என்ஏ பிரிக்கும் கட்டத்திலேயே ஒரு தண்ணீர்க் குழாயைச் சேர்த்து, கடைசிவரை கூடவே கொண்டுபோகப் போகிறேன்.