உவர்மலை, ஒக்டோபர்

ஒக்டோபர் 9, திங்கள்
அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டிய வண்டி. என்ஜினின் அடியில் ஒயில் நிற்கும் சம்ப் கழற்றியாச்சு. மூன்றாவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ரொட்டின் பெயரிங் செம்பு தெரியத் தேய்ந்திருக்கிறது. கிராங்கில் கீறல் இல்லை, நல்ல காலம்.
அம்மா இரவும் சாப்பிடவில்லை.

ஒக்டோபர் 10, செவ்வாய்
"மரை நல்லாத்தானே இருக்கு தம்பி, பழசையே போடுவம்" என்கிறார் கிண்ணியா பாஸ், மெக்கானிக். மரை நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் இந்த என்ஜினில் ரொட்டின் மூடியைப் பிடிக்கும் போல்ட்டை அது இழுபடும் வரைக்கும் இறுக்குகிறோம். அப்படி ஒருமுறை நீண்டது பழையபடி சுருங்காது. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், ஒன்றுக்கு இடுப்பு மெலிந்து போயிருக்கிறது. அதைப் பாஸின் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 11, புதன்
கொழும்பு பஞ்சிகாவத்தையில் புதுப் போல்ட் எட்டும் கிடைத்துவிட்டன. இரவு பஸ்ஸில் வரும்.

ஒக்டோபர் 12, வியாழன்
வரவில்லை. மழை.

ஒக்டோபர் 13, வெள்ளி
நித்திரை இல்லை. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 தடவை பிஸ்டன் உச்சிக்குப் போய் நின்று திரும்புகிறது. புகை வெளியேறும் நேரம் மேலிருந்து அமுக்க ஒன்றும் இல்லை, பிஸ்டன் ரொட்டை மேலே இழுக்கும் இழுவை முழுவதையும் பிடித்து வைத்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. ஒன்று அறுந்தால் ரொட் புளொக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதுவும் ஹபரணைக் காட்டுக்குள், யானை இறங்கும் நேரத்தில், பின்சீட்டில் அம்மா படுத்திருக்க. பழசைப் போடவே மாட்டேன். கிளினிக் திகதி போனாலும் சரி.
இல்லை, திகதி போகக்கூடாது.

ஒக்டோபர் 15, ஞாயிறு
வந்துவிட்டது! பெயரிங் இடைவெளி பார்க்க மட்டும் பழைய போல்ட். புதியவற்றை ஒரேயொரு தரம்தான் இறுக்கலாம். மூடிகளின் இலக்கம் ரொட்டோடு பொருந்துகிறதா என்று நானும் பாஸும் மாறி மாறிப் பார்த்தோம். மரைக்கும் தலைக்கு அடியிலும் ஒயில். காய்ந்த மரையில் உராய்வே விசையைத் தின்றுவிடும், ரெஞ்ச் போதுமென்று 'டிக்' என்னும், போல்ட் இழுபட்டிருக்காது. புத்தகத்தில் உள்ள டோர்க் (முறுக்கு விசை), தலையில் வெள்ளைப் புள்ளி, பிறகு 90 பாகை. அந்தக் கடைசிக் கால் சுற்றில் இரும்பு இளகிக்கொடுப்பது கைக்குத் தெரிந்தது. எட்டுப் புள்ளியும் ஒரே பக்கம்.
அம்மா கஞ்சி குடித்தா.

ஒக்டோபர் 17, செவ்வாய்
ஸ்டார்ட். ஒயில் லைட் அணைந்தது. தட்டும் சத்தம் இல்லை. கன்னியா வரை ஓட்டிப் பார்த்தேன், ரேஸ் பண்ணாமல்.

ஒக்டோபர் 18, புதன்
ரிப்போர்ட்டுகள் பையில். தலையணை இரண்டு. ஒயில் மட்டம் திரும்பவும் பார்த்தேன். நாலு மணிக்குக் கிளம்பினால் கந்தளாய் தாண்ட விடிந்துவிடும்.